நாலு நிமிஷச் சீட்டு

சூடேறும் பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. முதலில் இனிக்கும். பிறகு பால் அடிப்பிடித்ததுபோல லேசாகத் தீயும். போன வாரம் விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் முறைக்காக நின்றிருந்தபோது அந்த வாசனை வந்தது. எனக்கு முன்னால் நின்றவர், ஃபிரிஜ் வாங்கிய பில்லோ என்னவோ, நீளமான ஒரு ரசீதை நீட்டி, "லேமினேஷன் போட்டுருங்க. ரெண்டு வருசம் கேரண்டி, அழியாம இருக்கணும்" என்றார். மிஷினில் விளக்கு எரிந்தது. என் கை என்னைக் கேட்காமல் நீண்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

முன்பின் தெரியாத மனிதர். என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போடாதீங்க" என்றேன்.

கடைக்காரப் பெண் நிமிராமலே, "சார் சொல்றது சரிதாண்ணே. இந்தத் தாளு சூடு பட்டாக் கறுத்துரும். ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸுக்கு லேமினேஷன் போட்டுக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் தவழ்ந்துகொண்டிருந்த நாளில், சிவகாசியில் தாளையே தொட்டுத் தாளையே தின்று பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அப்போது நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் லேமினேஷன் பிரிவில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தாளை விரலிடையில் வைத்துத் தேய்த்தால் அது எத்தனை கனம், எந்த மில்லில் இருந்து வந்தது, லாரியில் மழை பட்டதா இல்லையா என்று சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கையும் இருந்தது: பிளாஸ்டிக் போர்த்திய தாளுக்குச் சாவு கிடையாது. கல்யாணப் பத்திரிகை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பட்டா, இறந்தவர் போட்டோ, பிறந்த பிள்ளையின் ஜாதகம், எல்லாம் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சின்ன மிஷினைப் போட்டு, உறையில் வைத்து உள்ளே விட்டு எடுத்துக் கொடுப்போம். மறுபக்கம் அது பளபளவென்று, விறைப்பாக, தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாத ஒன்றாக வந்து விழும். எத்தனை பேர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆனைக்குட்டம் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபின் அதில் நானும் அக்காவும் மட்டும். அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. மச்சான் நாக்பூரில் ஒரு முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு வருவார். அக்கா பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவள் விரலெல்லாம் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளிபோல மின்னும். சோப்பு, சாம்பல், தேங்காய் நார், எது போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும்.

வீட்டில் ரசீது சேர்ப்பது அவள் வேலை. அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். அச்சகத்தில் வண்ணம் விலகிப்போன காலண்டர் தாள்களை நான் கொண்டுவருவேன். முருகனுக்கு இரண்டு மூக்கு, லட்சுமிக்கு நாலு கண், அப்படிப்பட்டவை. அக்கா அவற்றைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் மைதா பசை தடவி, கரண்ட் ரசீது, கேஸ் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் பில் எல்லாவற்றையும் மாசவாரியாக ஒட்டுவாள். மாசம் முடிந்ததும் சுருட்டி, நூல் கட்டி, மூலையில் சாத்துவாள். யாராவது வந்து கேட்டால் சரியான சுருளை உருவி எடுப்பாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் இரட்டை மூக்கு முருகன் எந்த மாசம், கலங்கிய பிள்ளையார் எந்த மாசம் என்பது தப்பாது.

"பசையைப் பூச்சி திங்கும்க்கா. இதெல்லாம் ஒரு முறையா" என்று நான் கேலி செய்வேன்.

"திங்கட்டும்லே. பூச்சியும் கரண்டு பில்லு கட்டட்டும்."

அப்படிப்பட்டவள் ஒரு சீட்டை மட்டும் ஒட்டாமல் தனியே வைத்திருந்தாள். தீபாவளி முடிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. மச்சான் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. கம்பெனியில் ஆர்டர் ஜாஸ்தி, லீவு இல்லை என்று போனில் சொன்னாராம். நான் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா பவுடர் டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சீட்டை எடுத்தாள். மெயின் ரோட்டில் உள்ள டெலிபோன் பூத்தில், பேசி முடித்ததும் மிஷினே அடித்துக் கொடுக்கும் சீட்டு. பேசிய நம்பர், தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எவ்வளவு ரூபாய்.

"இதை உன் மிஷின்ல விட்டுக் கொண்டா."

"எதுக்கு?"

"வேணும். மடக்கி மடக்கி நடுவுல நைஞ்சிருச்சு, பாரு."

மச்சானிடம் செல்போன் கிடையாது. அவர் இருக்கும் தெருவில் ஒரு தமிழர் மளிகைக்கடை, அந்தக் கடை போன்தான். ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு அக்கா கூப்பிடுவாள், கடைக்காரர் ஆள் விட்டு அவரை அழைத்துவருவார். நம்பருக்காகத்தான் சீட்டை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். படிக்காதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பழைய சீட்டை நீட்டி, இதைப் போடுங்க என்பார்கள்.

"எம்புட்டு நாளு தாங்கும்?" என்றாள்.

"நீயும் நானும் போன பெறகும் இருக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி நீளமாக இருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி, ஈரம் போக வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, சீட்டை உறைக்குள் நேராக வைத்தேன். கோணலாகப் போய்விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் நகர்த்தினேன். சீட்டு வழவழப்பாக இருந்தது. ஆர்ட் பேப்பர் மாதிரி, ஆனால் ஆர்ட் பேப்பர் இல்லை. விரலுக்குத் தெரியாத தாள். அங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. உள்ளே விட்டேன்.

மறுபக்கம் முதலில் ஓரம் எட்டிப் பார்த்தது. சாம்பல் நிறம். மழைமேகத்தின் விளிம்பு மாதிரி. ஏதோ நிழல் விழுகிறது என்று நினைத்துத் தலையை நகர்த்தினேன். அடுத்த அங்குலம் கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. உருளை அது பாட்டுக்குச் சுற்றியது. பாதிச் சீட்டு இன்னும் உள்ளே இருக்கிறது, அதில் எழுத்து இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, நான் பொத்தானைத் தேடுகிறேன், கை பொத்தானுக்குப் போகாமல் சீட்டுக்குப் போகிறது, சூடு. முழுசாக வந்து தட்டில் விழுந்தது. பளபளவென்று, விறைப்பாக, தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாமல், முழுக் கறுப்பு.

பக்கத்தில் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டிருந்த மிஷின்மேன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ளே, கார்பன் பேப்பரையா விட்டே?"

மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். உண்மையான சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டது, இது வேறு எதுவோ என்று அந்த நிமிஷம் நம்பினேன். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் எழுத்தின் தடம் தெரிவது மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் அது என் கைரேகை.

"யாரோடது?" என்றான் மிஷின்மேன்.

"அக்காவோடது."

"அப்பச் செத்தே" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் கணக்குப் போட்டேன். நம்பர்தானே. பூத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும். எழுதி வாங்கிக்கொண்டு போய், அழகாக ஒரு அட்டையில் பெரிய எண்ணில் எழுதி, அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிடலாம். அக்கா திட்டுவாள். திட்டட்டும். வீட்டுக்குப் போகாமல் நேரே பூத்தில் இறங்கினேன்.

ரோட்டோரத் தகரக் கடை. மேற்கு பார்த்த வாசல், அந்தி வெயில் உள்ளே வரைக்கும் பாயும். பூத் வைத்திருந்த அண்ணாச்சிக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் நம்பரைச் சொல்லி முடிக்குமுன் அவர் விரல் அமுக்கி முடித்திருக்கும். அந்த வருஷம் ஆனி மாசம் புது மிஷின் வாங்கியிருந்தார். ரிப்பன் வேண்டாத மிஷின். அதைப் பற்றி அவருக்கு ஒரு குறை உண்டு. "பளசு டர்ர்னு அடிக்கும், எத்தனை வரின்னு காதுல எண்ணிக்கிருவேன். இது ஊமை. சீட்டு வந்துச்சா வரலையான்னு தடவித்தான் பாக்கணும்" என்பார்.

"அண்ணாச்சி, அக்கா பேசுவாள்ல, அந்த நாக்பூர் நம்பர் வேணும்."

"என்னத்துக்கு?"

"சீட்டு வீணாப்போச்சு."

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, மளிகைச் சாமான் சொல்வதுபோல நம்பரை ஒப்பித்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அம்மாடி என்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லவேளை. இந்த நம்பருக்காகத்தான் அக்கா அந்தச் சீட்டைப் பஞ்சுல பொதிஞ்சு வச்சிருந்துச்சு."

"நம்பருக்கா?" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏ தம்பி, கண்ணு தெரியாதவன்கிட்ட எவனாச்சும் சீட்டை நீட்டி நம்பர் போடச் சொல்லுவானா? உங்க அக்கா படியேறுற சத்தம் கேட்டாலே எம் விரலு நாக்பூருக்குப் போயிரும்."

அப்போதுதான் அது என் மண்டையில் இறங்கியது. இத்தனை வருஷமாக அந்தப் பூத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சீட்டால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது மட்டும் தெரியாமல் போயிருந்தது.

"அப்ப அந்தச் சீட்டு எதுக்கு அண்ணாச்சி?"

அவர் ரிசீவரை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார்.

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையா அவுக?"

"என்ன சொல்லணும்?"

"உங்க மச்சான் பேசி மூணு மாசமாச்சு, தம்பி. ஆவணியில பேசினதுதான். அதுக்குப் பெறகு ஒவ்வொரு ஞாயித்துக்கிளமையும் வாராக. மணி போகும். முப்பது மட்டம், நாப்பது மட்டம் போகும். எடுக்க மாட்டாக. எடுத்தாத்தான மிஷின் ஓடும். ஓடினாத்தான சீட்டு. அவுகளுக்குக் கடைசியா வந்த சீட்டு அது."

தகரத்தில் வெயில் முறுக்கி டிக் டிக் என்று சத்தம் கேட்டது. எனக்கு அந்த மூன்று மாசமும் ஞாயிறு ஞாயிறாக, அக்கா சொன்ன சேதிகளோடு வந்து முன்னால் நின்றன. மச்சான் மீசையை எடுத்துட்டாராம்லே. மச்சானுக்கு அங்கன குளுரு தாங்கலயாம். மச்சான் உன்னைக் கல்யாணம் பண்ணச் சொல்லுறாக. ஆர்டர் ஜாஸ்தி, லீவு இல்லையாம். ஒவ்வொன்றையும் நான் கேட்டேன், சாப்பிட்டுக்கொண்டே, சில சமயம் பேப்பரை விரித்துக்கொண்டே. மீசைக்குச் சிரிக்கவும் செய்தேன். எதிர்முனையில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்க, அக்கா வீட்டுக்கு நடந்து வரும் அந்தக் கால் மைலில், எனக்குச் சொல்வதற்கென்று ஒரு மீசையை எடுத்திருக்கிறாள்.

"புதன்கிளமை நாக்பூருக்குப் போறாகளே, அதுவும் தெரியாதா? பட்டாசுக் கம்பெனிதான் தீவாளி முடிஞ்சு லீவாச்சே. டிக்கெட்டு எடுத்தாச்சு. பாசை தெரியாத ஊரு, நம்ம வாய்க்கு அங்கன என்ன மதிப்பு. அந்த மளிகைக்கடைக்காரரு, அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாதுன்னுட்டா? இன்ன தேதி, இன்ன நேரம், ஒங்க போனுக்கு வந்து பேசிருக்காகன்னு தாளு இருந்தா, தாளு பேசும்ல. நாந்தான் சொன்னேன், பத்திரமா வைங்கன்னு."

நான் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து அவர் கையில் வைத்தேன். கட்டைவிரலால் தடவினார். முனையைச் சுண்டிப் பார்த்தார்.

"பலே. கண்ணாடி மாதிரி இருக்கு. லேமினேசன் போட்டாச்சா?"

"கறுத்துப்போச்சு அண்ணாச்சி. முழுசும். ஒரு எழுத்து இல்ல."

கறுப்பு என்றால் என்னவென்று பார்த்தே அறியாத மனிதரிடம் அதைச் சொல்கிறேன். அவர் மறுபடி தடவினார். விரலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

"சரி, அளுகாத" என்றார். நான் அழவில்லை. ஆனால் அவர் காதுக்கு என்ன கேட்டதோ. "எங்கிட்ட நகல் இருக்கு."

அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போனார். மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் கம்பி கட்டி, பிளாஸ்டிக் உறைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. ராத்திரி கடை சாத்துமுன் மிஷின் அன்றைய போன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீளச் சீட்டு அடிக்குமாம். ஒரு தடவை எக்ஸ்சேஞ்ச் பில்லில் தகராறு வந்தபின், ஒரு நாள் விடாமல் சேர்க்கிறாராம். மாசத்துக்கு ஒரு உறை. மழைச்சாரல் படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறை. எந்த மாசம் என்று தெரிய, உறையின் கயிற்றில் முடிச்சு. உள்ளே சீட்டுகளைத் தேதி பிசகாமல் அடுக்கியிருந்தார்.

"ஆனி ஒண்ணு. ஆடி ரெண்டு. ஆவணி மூணு." முடிச்சை எண்ணினார். உறைக்குள் கை விட்டு, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். "ரெண்டாவது ஞாயிறு. ஒங்க அக்காவுது எத்தனாவது போனுன்னுகூடச் சொல்லுவேன், ஆறோ ஏளோ. இந்தா. வாசி."

நீட்டினார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. முறையாக வைத்தவனுக்கு வரும் பெருமை. நான் வாங்கினேன்.

வெள்ளை.

திருப்பினேன். அந்தப் பக்கமும் வெள்ளை. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன். பிறகு உறைக்குள் கை விட்டு அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததை. ஆவணி பூராவும் வெள்ளை. ஆடி வெள்ளை. ஆனி லேசாகப் பழுத்த வெள்ளை. புரட்டாசியில் மட்டும் அங்கங்கே ஊதாநிறத்தில் ஒரு நிழல், எறும்பு ஊர்ந்துபோன பாதை மாதிரி, ஒரு ஏழு, பாதி மூன்று. அதே தாள். என்னிடம் சூடு பட்டுக் கறுத்தது. இங்கே வெயிலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து, தொட்டிலில் போட்ட பிள்ளையின் மூச்சை உறிஞ்சுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக உறிஞ்சியிருக்கின்றன. இத்தனை மாசமாக ஒருவர் ஒன்றும் இல்லாத தாள்களை முடிச்சுப்போட்டு, தேதி பார்த்து, சாரல் படாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம். வாசியேன்."

சொல்லாமல் போயிருக்கலாம். தெரிகிறது அண்ணாச்சி, நன்றி என்று ஒரு வெள்ளைத்தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இன்னொரு பொய் அந்த ஊரில் யாருக்கும் பாரமாகியிருக்காது. ஆனால் அக்காவின் மீசைக்கதைகளைக் கேட்டுவிட்டு அந்த நிமிஷம் என்னால் முடியவில்லை.

"எளுத்து இல்லை அண்ணாச்சி."

"அந்தச் சீட்டுலயா?"

"எல்லாத்துலயும்."

அவர் கையை நீட்டி உறையை வாங்கினார். உள்ளே இருந்ததை விரலால் வருடினார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

"வெளுத்துப்போச்சா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

தினமும் எத்தனை பேர் வந்து போகிற இடம். பார்த்த யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெறும் ரோல் தாளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு இருக்குற நீ ஒண்ணைத்தான் கெடுத்த. நான் நூறைக் கெடுத்திருக்கேன்" என்றார். சிரிப்பதற்குத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கறுத்த அட்டையை அவள் முன்னால் வைத்தேன். "தெரியாமப் பண்ணிட்டேன். அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டாரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டையை எடுத்தாள். சாயங்கால வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஓரத்தில் நகத்தால் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை, நன்றாக ஒட்டியிருந்தது. நான் அடிக்குத் தயாராக நின்றேன். சத்தத்துக்குத் தயாராக நின்றேன்.

"நாலு நிமிசம் பன்னெண்டு செகண்டு" என்றாள். "அதுல ரெண்டு நிமிசம் அவுகளைக் கூட்டியார ஆள் போனதுக்கே போச்சு. வந்து, ஆனைக்குட்டம் டேம்ல தண்ணி வந்துச்சான்னாக. வரலைன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாக. பெறகு, சரி, வச்சிரவான்னாக. அம்புட்டுத்தான்லே அதுல இருந்தது."

அப்புறம் அவள் பாத்திரத்தைத் துலக்கி முடித்தாள். கடைசிப் பாத்திரம் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பூத்துக்குப் போனோம். அக்கா ஒரு காலண்டர் தாளைச் சுருட்டி எடுத்துவந்திருந்தாள், வெள்ளைப் பக்கம் காலியாக இருந்த ஒன்று. பத்தே முக்காலுக்கு அண்ணாச்சி நம்பர் போட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார். முதல் தடவையாக அந்த மணியை நான் கேட்டேன். தூரத்தில், எங்கோ ஒரு கடைக்குள், மூட்டைகளுக்கும் டின்களுக்கும் நடுவில் அது அடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வரை எண்ணினேன். மிஷின் ஓடவில்லை. சீட்டு வரவில்லை.

"வைலே" என்றாள் அக்கா. "எளுது."

அவர்கள் இருவரும் சொல்லச் சொல்ல, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன். ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, இந்தப் பூத்திலிருந்து இந்த நம்பருக்கு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி பேசப்பட்டது. பேசியவர் மனைவி. பேசப்பட்டவர் கணவர். அண்ணாச்சி ரப்பர் ஸ்டாம்பை மையில் தோய்த்து, என் கையைப் பிடித்து இடம் கேட்டு, ஓங்கிக் குத்தினார். தலைகீழாக விழுந்தது. அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பின்பக்கம் இரண்டு மூக்கோடு முருகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். காலண்டர் சீசன், லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த மளிகைக்கடையைக் கண்டுபிடித்தாள். கடைக்காரர் காலண்டர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துவிடாமல் வாசித்தாராம். வாசித்து முடித்து ஸ்டூலைத் துடைத்து அக்காவை உட்காரச் சொன்னாராம். ஆமாம்மா, இந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு, பேசி வச்சிட்டு இதே இடத்துல நின்னு அழுதாரு, மறுநாள் விடியக்காலை கம்பெனியில யாருக்கும் சொல்லாமப் படுக்கையச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு, எங்கேன்னு தெரியாது. அப்படியென்றால் மூன்று மாசமாக ஏன் போனை எடுக்கவில்லை என்று அக்கா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு மணி அடித்தால் அது யாரென்று அவருக்குத் தெரியுமாம். என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லையாம். அக்கா தனியாகத் திரும்பி வந்தாள். மச்சான் இன்று வரை வரவில்லை. அந்தக் காலண்டர் தாள் அவளிடம் இருக்கிறது. அதன் மேலேயே, மைதா பசையால், கறுத்த அட்டையை ஒட்டி வைத்திருக்கிறாள். பூச்சி அரிக்கவில்லை. பேனா எழுத்தும் அழியவில்லை.

இதெல்லாம் தெரியாத புதன்கிழமை சாயங்காலம் விருதுநகர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தோம். அவள் பையில் இரண்டு சேலை, ஒரு பொட்டலம் புளிச்சோறு, ஒரு பாட்டில் தண்ணீர். சென்னை வண்டி வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, காலண்டர் சுருளை வெளியே எடுத்துப் பார்த்தாள். அவள் நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் இன்னும் மின்னியது. பச்சை விளக்கு விழுந்தது.

"இதை மிஷின்ல விட்டியாலே?"

"இல்லக்கா."

வண்டி நகர்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவள் என் விரலை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இனிமே நீ எதையும் பத்திரமா வைக்காதலே. சும்மா வச்சாப் போதும்."